ஒரு வருஷத்தில் 105 மடங்கு ஏறிய பங்கு: 'ஷெல் கம்பெனி' பென்னி ஸ்டாக்குகளை ஏன் சந்தேகப்படணும்?

ஆனைமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கும் நாளில் போய் நின்றால், விலை எப்படி உருவாகிறது என்பதை நேரிலேயே பார்க்கலாம். விவசாயி மூட்டையைக் கொண்டு வருவார். முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். ஈரப்பதம் இருக்கா, பூஞ்சை இருக்கா என்று பார்த்த பிறகுதான் விலை சொல்வார்கள். விற்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர், நடுவில் சரக்கு இருக்கிறது.

இப்போது இதே ஏலத்தை வேறு மாதிரி யோசித்துப் பாருங்கள். மூட்டை கட்டியே இருக்கிறது. உள்ளே என்ன என்று யாரும் பார்க்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே கூட்டத்து ஆட்கள். ஆனாலும் விலைப் பலகையில் தினமும் 5 சதவீதம் ஏறிக்கொண்டே போகிறது. வெளியே நிற்கும் ஒருவர், "இவ்வளவு ஏறுதுன்னா உள்ள ஏதோ இருக்கு" என்று முடிவு செய்து காசைக் கொடுக்கிறார்.

ஷெல் கம்பெனி பென்னி ஸ்டாக்குகளில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். தோப்பு வருமானத்தில் கொஞ்சம், கோவை ஐ.டி. சம்பளத்தில் கொஞ்சம் என்று மொபைல் ஆப்பில் முதலீடு செய்யத் தொடங்கியிருக்கும் தலைமுறை இந்த மூட்டையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சமீபத்திய வழக்குகளிலிருந்து ஓர் அலசல்.

16 ரூபாய் பங்கு 1,700 ரூபாய் ஆனது எப்படி?

பாரத் குளோபல் டெவலப்பர்ஸ். பழைய பெயர் பெர்ஃபாக்ட் வீவர்ஸ். 2023 நவம்பரில் இந்த நிறுவனத்தின் பங்கு விலை ரூ.16.14. அடுத்த ஆண்டு நவம்பரில் ரூ.1,702.95. அதாவது ஒரே ஆண்டில் சுமார் 105 மடங்கு. 10,000 ரூபாய் போட்டவருக்கு 10 லட்சத்துக்கு மேல் என்று ஆப் காட்டியிருக்கும்.

2024 டிசம்பர் 23-ம் தேதி, பங்குச் சந்தை கட்டுப்பாட்டு அமைப்பான 'செபி' இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்து, இந்தப் பங்கின் வர்த்தகத்தையே நிறுத்தியது. சந்தேகத்தைக் கிளப்பியதில் முதலீட்டாளர்களுக்கும் பங்கு உண்டு. அந்த மாத நடுவில் சமூக ஊடகத்தில் வந்த எச்சரிக்கைப் பதிவும், செபிக்கு வந்த புகார்களும் விசாரணைக்கு வழிவிட்டன.

ஆணையில் செபி சொன்ன முதற்கட்ட முடிவுகள் இவை: 2023 வரை இந்த நிறுவனத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி வருமானமோ, சொத்தோ, தொழிலோ இல்லை. பிறகு நிர்வாகம் மாறுகிறது, பெயர் மாறுகிறது, துணை நிறுவனங்கள் மளமளவென்று முளைக்கின்றன. பெரிய பெரிய நிறுவனங்களிடமிருந்து ஆர்டர் கிடைத்ததாக அறிவிப்புகள் வருகின்றன. இன்னொரு பக்கம், முன்னுரிமை ஒதுக்கீடு என்ற வழியில் 41 பேருக்குப் புதிய பங்குகள் தரப்படுகின்றன. நிறுவனத்தின் 99.5 சதவீதப் பங்குகள் இவர்கள் கைக்குப் போகின்றன. விற்கக் கூடாது என்ற 'லாக்-இன்' காலம் முடிந்ததும், ஏறிய விலையில் விற்பனை தொடங்குகிறது. சுமார் ரூ.271 கோடி ஆதாயத்தை முடக்கி வைக்க செபி உத்தரவிட்டது.

இது இடைக்கால ஆணை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் சிறு முதலீட்டாளருக்கு அன்றைக்கே ஒரு விஷயம் முடிந்துவிட்டது. வர்த்தகம் நின்றுவிட்டதால், ஆப்பில் தெரியும் லட்சங்களை எடுக்க வழியில்லை.

'லெட்டர்பேடு கம்பெனி' என்றால் எல்லாமே சட்டவிரோதமா?

இல்லை. 'ஷெல் கம்பெனி' என்ற சொல்லுக்கு இந்தியக் கம்பெனிகள் சட்டத்தில் தனி வரையறையே கிடையாது. பதிவு இருக்கும், போர்டு இருக்கும், ஆண்டறிக்கை வரும். ஆனால் உண்மையான தொழில் நடக்காது. நம்மூர் பேச்சில் சொன்னால் 'லெட்டர்பேடு கம்பெனி'. ஒரு காலத்தில் நன்றாக ஓடி, பிறகு நொடித்துப்போய், பெயருக்கு மட்டும் உயிரோடு இருக்கும் நிறுவனங்களும் இதில் உண்டு.

இப்படிப்பட்ட கம்பெனிக்கு ஏன் கிராக்கி? ஏற்கெனவே பங்குச் சந்தையில் பட்டியலாகி இருப்பதுதான் காரணம். புதிதாக ஐ.பி.ஓ. கொண்டு வந்தால் செபியின் ஆய்வு, ஆவணங்கள், கேள்விகள் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பழைய கூட்டைக் கையில் எடுத்தால் பெயரை மாற்றி, தொழிலை மாற்றி, நேரடியாகச் சந்தைக்கே போய்விடலாம்.

பழைய வரிச் சலுகையும் ஒரு காரணமாக இருந்தது. 2018 ஏப்ரலுக்கு முன்பு, பட்டியலிட்ட பங்கை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் லாபத்துக்கு வருமான வரி இல்லை. கணக்கில் வராத பணத்தை 'பங்கு லாபம்' என்று வெள்ளையாக்க இந்த மாதிரி பென்னி ஸ்டாக்குகள் பயன்பட்டதாக வருமான வரித்துறை ஏராளமான வழக்குகளைத் தொடுத்தது. சலுகை போய்விட்டது, கூடுகள் அப்படியே இருக்கின்றன.

ஒரு டாலருக்கு வாங்கிய 10 கோடி பங்கு

இதைவிட ஆச்சரியமான வழக்கு எல்.எஸ். இண்டஸ்ட்ரீஸ். 2025 பிப்ரவரியில் வந்த செபியின் இடைக்கால ஆணைப்படி, வருமானமே இல்லாத நிலையில் இருந்த இந்த நிறுவனத்தின் பங்கு, 2024 ஜூலை 23-ல் ரூ.22.50 ஆக இருந்து செப்டம்பர் 27-ல் ரூ.267.50-ஐ எட்டியது. இரண்டே மாதம். உச்சத்தில் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் ரூ.22,700 கோடி.

நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் ஒருவரிடமிருந்து, துபாயைச் சேர்ந்த வெளிநாடுவாழ் இந்தியர் ஒருவருக்கு 10.28 கோடி பங்குகள் கைமாறியிருந்தன. கொடுத்த விலை 1 அமெரிக்க டாலர். பங்குக்கு அல்ல, மொத்தத்துக்கும் சேர்த்து. உச்ச விலையில் கணக்குப் போட்டால் அந்தப் பங்குகளின் மதிப்பு சுமார் ரூ.2,750 கோடி.

நிறுவனத்தை உள்ளே இருந்து பார்த்த ஒருவர், இத்தனை கோடி பங்குகளை ஒரு டாலருக்குக் கைமாற்றுகிறார். வெளியே இருந்து பார்க்கும் ஒருவர் அதில் ஒரே ஒரு பங்கை 267 ரூபாய்க்கு வாங்குகிறார். இரண்டு பேரில் யாருக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி அதிகம் தெரியும்?

தினமும் 'அப்பர் சர்க்யூட்' அடிக்கிறதே, அது நல்ல அறிகுறி இல்லையா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பங்கு ஒரே நாளில் எவ்வளவு ஏறலாம், இறங்கலாம் என்பதற்குச் சந்தை வைக்கும் எல்லைதான் சர்க்யூட். 5 சதவீத எல்லை உள்ள பங்கு தினமும் உச்சத்தைத் தொட்டால், சுமார் 15 வர்த்தக நாளில் விலை இரட்டிப்பாகும். இதே வேகத்தில் போனால் 105 மடங்காக 96 நாள் போதும். வருஷத்துக்குச் சுமார் 250 வர்த்தக நாள் இருப்பதால், இடையிடையே ஓய்வு எடுத்துக்கொண்டும் ஏறலாம்.

இப்படி ஏற்ற பெரிய பணம் தேவையில்லை. 99 சதவீதப் பங்கு சிலரது கையில் பூட்டிக் கிடந்தால், சந்தையில் புழங்குவது மிச்சம் இருக்கும் துளிதான். அந்தத் துளியில் ஒரு நாளைக்குச் சில நூறு பங்குகளைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டால் போதும். விலை நகரும், மொத்த நிறுவனத்துக்கும் அந்த விலையை வைத்துப் பெருக்கினால் 'பல ஆயிரம் கோடி சந்தை மதிப்பு' என்று வரும். அத்தனை கோடியை யாரும் எங்கும் செலுத்தவில்லை.

ஏறும்போது உதவும் அதே சர்க்யூட், இறங்கும்போது பொறி. 'லோயர் சர்க்யூட்' அடித்தால் விற்க ஆள் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. விற்பனை ஆர்டர் போட்டுவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். தொடர்ந்து 10 நாள் 5 சதவீதம் இறங்கினால் 40 சதவீதம் போயிருக்கும். 20 நாளில் சுமார் 64 சதவீதம். "ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேங்க, பயமில்லை" என்பவர்களுக்கும் இதேதான். வாங்க ஆளில்லாத இடத்தில் ஸ்டாப் லாஸ் வேலை செய்யாது.

யூடியூப், டெலிகிராம் எங்கே வருகிறது?

விலையை ஏற்றியவர்கள் காசு பார்க்க, கடைசியில் வெளியாட்கள் வந்து வாங்கியாக வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கொண்டு வருவதுதான் சமூக ஊடகத்தின் வேலை.

சாத்னா பிராட்காஸ்ட் வழக்கு இதற்கு நல்ல பாடம். 2022 ஜூலையில் சில யூடியூப் சேனல்களில், பெரிய தொழில் குழுமம் ஒன்று இந்த நிறுவனத்தை வாங்கப் போகிறது என்பது போன்ற பொய்த் தகவல்களோடு வீடியோக்கள் வந்தன. விளம்பரக் காசு கொடுத்து அவை பரப்பப்பட்டன. 2023 மார்ச்சில் செபி வெளியிட்ட இடைக்கால ஆணையின்படி, இந்தப் பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆக உயர்ந்தது. அந்தக் கூட்டம் உள்ளே வரும்போது, பழைய ஆட்கள் விற்று வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

2025 மே மாதம் இறுதி ஆணை வந்தது. நடிகர் அர்ஷத் வார்சி உட்பட 59 தரப்புகள் பங்குச் சந்தையில் ஈடுபட ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை தடை, சுமார் ரூ.58 கோடியை வட்டியோடு திருப்பிக் கட்ட உத்தரவு. வீடியோ வந்தது 2022-ல். இறுதி ஆணை வந்தது 2025-ல். கிட்டத்தட்ட மூன்று வருஷம். கட்டுப்பாட்டு அமைப்பு வரும் என்பது உண்மை. ஆனால் நாம் வாங்குவதற்கு முன்பு வராது.

கொங்கு மண்டலத்துக்கு இது புதுசா?

ஏமாற்று வித்தை என்ற வகையில் புதிதல்ல. திருப்பூர் பாசி நிறுவன மோசடி ரூ.930 கோடி அளவிலானது; 2022-ல் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2012-ல் பெருந்துறையை மையமாக வைத்து வெடித்த ஈமு கோழி விவகாரத்தைப் பற்றித் தெரியாத வீடே இந்தப் பக்கம் குறைவு. 'ஈமு' என்ற சொல்லே இங்கு எச்சரிக்கையாகிவிட்டது.

ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அந்தத் திட்டங்களில் ஒரு வாக்குறுதி இருந்தது. "மாசம் இவ்வளவு தருகிறோம்" என்று ஒருவர் சொன்னார். தரவில்லை என்றதும் குட்டு உடைந்தது. பென்னி ஸ்டாக்கில் யாரும் எதையும் தருவதாகச் சொல்வதில்லை. ஏறும் விலையே தூண்டில். வாங்குவதும் நம் சொந்த டீமேட் கணக்கில், நம் விரலால்தான். செபி பதிவு பெற்ற புரோக்கர், அங்கீகாரம் பெற்ற சந்தை, கான்ட்ராக்ட் நோட் எல்லாமே அசல். அசலான வழியில் நடப்பதாலேயே சந்தேகம் வருவதில்லை.

சட்டத்திலும் இந்த வித்தியாசம் எதிரொலிக்கிறது. டெபாசிட் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத நிறுவனங்கள் மீது 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் பாயும்; பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் விசாரிக்கும்; சொத்தை முடக்கி ஏலம் விடலாம். பாசி, ஈமு வழக்குகள் போன பாதை அதுதான். சந்தையில் நீங்களே வாங்கிய பங்கு பொதுவாக 'டெபாசிட்' கணக்கில் வராது. அதற்கான கதவு செபி. செபி வசூலிக்கும் தொகை, நஷ்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் திரும்பி வந்துவிடும் என்ற உறுதியும் இல்லை.

கோவைக்கென்று சொந்தமாகவே ஒரு பங்குச் சந்தை இருந்தது என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. 1991-ல் தொடங்கிய கோயம்புத்தூர் பங்குச் சந்தை, வர்த்தகம் மும்பைக்குப் போய்விட்டதால் செயலிழந்து, 2013-ல் செபியின் அனுமதியோடு மூடப்பட்டது. அந்தக் காலத்தில் உள்ளூர் மில், உள்ளூர் பவுண்டரி, உள்ளூர் புரோக்கர். கம்பெனி வாசலில் லாரி நிற்கிறதா, ஷிப்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து பங்கு வாங்கலாம். இன்று ஆனைமலையில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும், கேள்விப்பட்டிராத கம்பெனியை மூன்று தட்டில் வாங்கிவிடலாம். கண்ணால் பார்த்த அந்தச் சோதனைக்குப் பதிலாக வேறொரு சோதனை வேண்டும்.

அப்போ விலை குறைவான பங்கெல்லாம் மோசடியா?

அதுவும் தப்பு. எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு ரூ.3.53-ல் கிடந்தது. 2024 அக்டோபர் 29-ல், முதலீட்டு நிறுவனங்களுக்காக நடத்தப்பட்ட சிறப்பு ஏலத்தில் ஒரே நாளில் ரூ.2,36,250 ஆனது. பார்த்தால் அப்பட்டமான மோசடி போலத் தெரியும். ஆனால் அந்த நிறுவனத்திடம் ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள் இருந்தன. ஒரு பங்குக்கான புத்தக மதிப்பே ரூ.5 லட்சத்துக்கு மேல். ஏலம் நடந்தபோது மூட்டைக்குள் சரக்கு இருந்தது. அதுவரை யாரும் அந்தப் பழைய விலைக்கு விற்க முன்வரவில்லை, அவ்வளவுதான்.

சந்தேகம் எல்லை தாண்டினாலும் ஆபத்து. 2017 ஆகஸ்ட் 7-ல், மத்திய அரசு கொடுத்த பட்டியலை வைத்து 331 நிறுவனங்களை 'சந்தேகத்துக்குரிய ஷெல் நிறுவனங்கள்' என்று செபி கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. மாதத்தில் ஒரு நாள்தான் வர்த்தகம். பட்டியலில் ஜே.குமார் இன்ஃப்ராபுராஜெக்ட்ஸ், பிரகாஷ் இண்டஸ்ட்ரீஸ் போன்ற, தொழில் நடத்திக்கொண்டிருந்த நிறுவனங்களும் இருந்தன. மூன்றே நாளில், விசாரிக்காமல் எடுத்த நடவடிக்கை என்று சொல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த இரண்டுக்கும் இடைக்காலத் தடை கொடுத்தது.

ஆக, விலை குறைவு என்பதும் குற்றமில்லை, விலை ஏறுவதும் தகுதியில்லை. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சரக்கை.

வாங்கும் முன் 10 நிமிஷம்: என்ன பார்க்கணும்?

மும்பை பங்குச் சந்தை இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டினாலே கீழே சொல்லும் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

1. விற்பனை வருமானம்: கடைசி எட்டு காலாண்டுகளைப் பாருங்கள். வருஷக்கணக்கில் பூஜ்யமாக இருந்துவிட்டு, திடீரென்று கோடிகள் முளைத்திருக்கிறதா? லாபம் காட்டினாலும் தொழிலிலிருந்து ரொக்கம் உள்ளே வந்திருக்கிறதா?

2. ஊழியர் செலவு: பலரும் தாண்டிப் போகும் வரி இது. நூற்றுக்கணக்கான கோடிக்கு ஆர்டர் வந்ததாக அறிவிக்கும் கம்பெனி, சம்பளத்துக்குச் சில லட்சம்தான் செலவிடுகிறது என்றால், அந்த ஆர்டரை யார் செய்து முடிக்கப் போகிறார்கள்?

3. பங்குதாரர் பட்டியல்: புரமோட்டர்கள் கையில் எவ்வளவு? சமீபத்தில் முன்னுரிமை ஒதுக்கீடு நடந்ததா? யாருக்கு, என்ன விலையில்? லாக்-இன் எப்போது முடிகிறது? சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை ஒரே காலாண்டில் பல மடங்கு ஏறியிருந்தால், யாரோ அவர்களுக்கு விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

4. பெயரும் தொழிலும்: நெசவு, பிறகு ரியல் எஸ்டேட், பிறகு விவசாயம், பிறகு செயற்கை நுண்ணறிவு என்று தாவுகிறதா? எந்தத் தொழில் பேச்சில் இருக்கிறதோ அந்தப் பெயரை ஒட்டிக்கொள்வது பழைய பழக்கம்.

5. கண்காணிப்புக் குறி: ஜி.எஸ்.எம்., ஏ.எஸ்.எம்., இ.எஸ்.எம். என்ற பட்டியல்களில் பங்கு இருந்தால் ஆப்பிலேயே எச்சரிக்கை வரும். 'ஓகே' அமுக்கித் தாண்டாமல், ஏன் என்று படியுங்கள்.

6. யார் சொன்னது: சொன்னவர் செபி பதிவு பெற்ற ஆலோசகரா? பதிவு எண்ணை செபி தளத்தில் சரிபார்க்கலாம். "ஃபாரின்ல இருக்கற சொந்தக்காரர் சொன்னாருங்க" என்பது பதிவு எண் ஆகாது.

ஏற்கெனவே வாங்கியாச்சு... என்ன செய்வது?

வர்த்தகம் நடக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது என்றால், "வாங்கின விலைக்கு வரட்டும்" என்ற காத்திருப்பை மறுபரிசீலனை செய்யலாம். இன்று முதல்முறையாகப் பார்த்தால் இந்த விலைக்கு வாங்குவேனா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 'ஆவரேஜ்' செய்கிறேன் என்று மேலும் பணம் போடுவது இந்த வகைப் பங்கில் மிக ஆபத்தானது.

தவறான தகவல் பரப்பி விற்றார்கள் என்று நினைத்தால், வீடியோ இணைப்பு, டெலிகிராம் செய்தி, தேதியுடன் ஸ்கிரீன்ஷாட், கான்ட்ராக்ட் நோட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் புகார் செய்யலாம். இலவச உதவி எண் 1800 22 7575. பங்கே வாங்கித் தராமல் போலி டிரேடிங் ஆப்பில் பணம் பறித்தால் அது வேறு வகைக் குற்றம்; உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

பாரத் குளோபல் விஷயத்தில் முதலீட்டாளர்களின் புகாரும் ஒரு சமூக ஊடகப் பதிவும்தான் செபியின் கதவைத் தட்டின. அதனால் புகார் கொடுப்பது வீண் வேலை இல்லை. ஆனால் அந்தக் கதவு திறந்த நாளில், உள்ளே இருந்தவர்களின் பணம் உள்ளேயே பூட்டப்பட்டது. புகாருக்கு முன்னால் வர வேண்டிய சந்தேகம், 'பை' பட்டனை அமுக்குவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

ஆனைமலை ஏலத்தில் கொப்பரையைப் பிரித்துப் பார்க்கும் வியாபாரியை யாரும் "ரொம்பச் சந்தேகப்படறீங்க" என்று குறை சொல்வதில்லை. அது அவர் தொழில். முதலீட்டாளருக்கும் அதே உரிமை உண்டு. மூட்டையைப் பிரிக்க விடாத இடத்தில், விலை எவ்வளவு ஏறினாலும் ஏலம் கேட்க வேண்டாம்.